எஸ்டர்ஹேஸியில் ராகு காலம்

நல்லசிவம் பூமிக்கடியில் ஒரு கிலோமீட்டர் போய்
பொட்டாஷ் வெட்டுகிறார்.
நான் அடுப்படி மேசையில்
சர்க்கரை டப்பாவைத் தள்ளிவைத்து
லேப்டாப்புக்கு இடம் பண்ணுகிறேன்.
இந்த ஊரில் எனக்கு வேலை இல்லை.
ஒரு பள்ளிக்கூடம், ஒரு கூட்டுறவுக் கடை, ஒரு பெட்ரோல் பங்க்,
மூன்றிலும் கேட்டாயிற்று.

அனுப்பியது நூற்று முப்பத்தேழு விண்ணப்பம்.
பதில் வந்தது பத்தொன்பது.
பதினாறு பேர் வருந்தினார்கள்,
அனுப்பி நாலே நிமிஷத்தில்.
ஒருத்தன் மட்டும் வருந்தவே இல்லை.
உடனே வேலை, மணிக்கு நாற்பது டாலர்,
லேப்டாப் அனுப்ப முன்பணம் முந்நூறு.
கார்டு நம்பரைப் பாதி அடித்தபிறகுதான்
அவன் சொன்ன வாழ்த்தில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது.

பிப்ரவரிக் கடைசியில் டெனிஸ் எழுதினாள்,
டொராண்டோவிலிருந்து.
ஐந்து மாகாணத்தில் கால்நடை ஆஸ்பத்திரிகள்.
நாய்க்கும் பூனைக்கும் நேரம் குறித்துத் தர ஆள் வேண்டும்.
மார்ச் இரண்டாம் வாரம், திங்கள்,
அவர்கள் மணிக்குப் பத்து. நமக்கு ஒன்பது.
கரூரிலிருந்து அம்மா கணக்குப் பார்த்தாள்:
"ராகு காலம் ஏழரை டு ஒம்போது.
அவிங்களே பாத்து வெச்சாப்புல இருக்குது கண்ணு."

முனகும் என்று ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன்.
ஒன்பதுக்குத் திறந்தேன். யாரும் இல்லை.
எனக்கெதிரே என் முகம் மட்டும்,
எண்ணெய் வைத்துப் படிய வாரி,
யாருக்கோ காத்திருந்தது.
பத்து நிமிஷத்தில் ஒரு மின்னஞ்சல்:
உங்களுக்காகக் காத்திருந்தோம், நீங்கள் வரவில்லை.

முந்தின நாள் விடியலில்
டொராண்டோ தன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியிருக்கிறது.
சஸ்காட்சுவன் தள்ளாது.
பனியானாலும் கோடையானாலும்
இந்த மாகாணம் முள்ளைத் தொடுவதில்லை.
எட்டு வருஷம் ஹாம்பர்க்குக்கும் ராட்டர்டாமுக்கும்
போர்வைக் கண்டெய்னர் ஏற்ற
நாள் நேரம் பார்த்தவள் நான்.
அங்கேயும் முள் மாறும்.
ஒரு கப்பலைத் தவற விட்டதில்லை.
காலை எட்டுக்கு,
ராகு நடுவீட்டில் சம்மணமிட்டிருந்தபோது
டெனிஸ் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் என்று எழுதலாம். கரண்ட் போனதென்று எழுதலாம்.
"இங்கே கடிகாரம் நகராது. நான் கவனிக்கவில்லை"
என்று மட்டும் எழுதினேன்.
ஃப்ரிட்ஜில் பால் திரிந்து கிடந்தது.

செவ்வாய் ராத்திரி பதில் வந்தது.
முன்பு இருந்தவர் இதே தப்பில்
ரெஜைனாவில் பதினோரு நாய்களைத் திருப்பி அனுப்பினாராம்.
நாளை இரண்டு மணிக்கு வர முடியுமா, எங்கள் மணிக்கு?
கழித்தேன். மறுபடியும் கழித்தேன்.
நமக்குப் பன்னிரண்டு.
புதன், பன்னிரண்டு டு ஒன்றரை.
சுத்தமான ராகு காலம்.

அம்மாவிடம் சொல்லவில்லை.
டெனிஸின் பூனை கீபோர்டில் நடந்து
என் பெயருக்கு நேராக ஏழெட்டு எட்டுகளை அடித்தது.
அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம்.
அப்புறம் கேட்ட கேள்விகள் ஒன்றும் ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
காதோரம் சிவப்பு உப்புத்தூளோடு
நல்லசிவம் மேலே வந்தார்.
"கிடைச்சுருச்சு" என்றேன்.
"எந்த ஊர்ல?"
"இந்த மேசைல."
அவர் சர்க்கரை டப்பாவை எடுத்து
அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.
இனி அது அங்கேதான் என்பதுபோல.

"ஒம்போதுக்குப் பாத்தது வீண் போகல" என்றாள் அம்மா.
ஆமாம்மா என்றேன்.

முதல் நாள், முதல் அழைப்பு, செயின்ட் ஜான்ஸிலிருந்து.
பிஸ்கட் என்ற நாய். பின்னங்காலை நொண்டுகிறதாம்.
அந்த ஊர் மணியைப் பார்த்தேன்.
முழுசாக இல்லை, அரை மணி தள்ளி நிற்கிறது.
இந்த நாட்டிலும் இருக்கிறது
கரூர் மாதிரி, அரை மணி மிச்சம் வைத்த ஓர் ஊர்.
"வியாழன் மூன்றரைக்கு வாங்க" என்றேன்.
"உங்க மூன்றரையா, எங்க மூன்றரையா?"
என்றார் நாய்க்காரர்.